ஒரே பாட்டு, இரண்டு கணக்கு: லேடி காகா விருதுகள் பற்றி வாசகர் கேள்விகள்

பாடகியும் நடிகையுமான லேடி காகா வாங்கிய விருதுகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கீழே ஆண்டு என்று குறித்திருப்பதெல்லாம் விழா நடந்த ஆண்டு. பாட்டோ படமோ வெளிவந்த ஆண்டு அல்ல. பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கிராமி எண்ணிக்கை 2025 விழா வரைக்குமானது.

“ஷாலோ” பாட்டை லேடி காகாவும் பிராட்லி கூப்பரும் சேர்ந்துதான் பாடினார்கள். ஆஸ்கர் காகாவுக்கு மட்டும் போனது ஏன்?
(திருநெல்வேலி)

காகாவுக்கு மட்டும் போகவில்லை. நான்கு பேருக்குப் போனது: லேடி காகா, மார்க் ரான்சன், ஆன்டனி ரோசமாண்டோ, ஆண்ட்ரூ வயட். “எ ஸ்டார் இஸ் பார்ன்” படத்துக்காக அந்தப் பாட்டை எழுதி மெட்டமைத்தவர்கள் இந்த நால்வர். ஆஸ்கரின் ‘சிறந்த மூலப் பாடல்’ என்பது பாட்டை உருவாக்கியவருக்கான விருது. பாடியவருக்கு அதில் பங்கு கிடையாது. 2019 பிப்ரவரியில் காகா மேடை ஏறியது பாடகியாக அல்ல, பாட்டை எழுதியவர்களில் ஒருவராக. அவர் வெறுமனே பாடிவிட்டுப் போயிருந்தால் கூப்பரைப் போலவே இருக்கையில் உட்கார்ந்து கைதட்டியிருப்பார். (கூப்பருக்கு அன்று நடிப்பு, திரைக்கதை, தயாரிப்பு என்று மூன்று பரிந்துரைகள் இருந்தன. மூன்றும் கைநழுவின.)

அதே பாட்டு, அதே மாதம், கிராமியில் வேறு கணக்கு. அங்கே அதற்கு இரண்டு விருதுகள். ‘சிறந்த பாப் இருவர் அல்லது குழு’ விருது பாடியவர்களுக்கானது. அது காகாவுக்கும் கூப்பருக்கும். ‘காட்சி ஊடகத்துக்கு எழுதப்பட்ட சிறந்த பாடல்’ விருது எழுதியவர்களுக்கானது. அது மேலே சொன்ன நால்வருக்கு. இரண்டு பட்டியலிலும் இருப்பவர் காகா ஒருவரே.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. “நாட்டு நாட்டு” ஆஸ்கர் வென்றபோது சிலை கிடைத்தது இசையமைத்த கீரவாணிக்கும் எழுதிய சந்திரபோஸுக்கும். பாடிய ராகுல் சிப்ளிகஞ்ச், கால பைரவா இருவருக்கும் இல்லை. “ஜெய் ஹோ” இன்னும் சுவாரசியம். 2009-ல் ஆஸ்கர் ஏ.ஆர். ரஹ்மானுக்கும் குல்சாருக்கும். 2010-ல் அதே பாட்டுக்குக் கிராமி வந்தபோது பட்டியலில் மூன்றாவதாக ஒரு பெயர்: தன்வி ஷா. பாட்டில் வரும் ஸ்பானிய வரிகளை எழுதியவர். ஒரே பாட்டுக்கு ஓர் அமைப்பு இருவரை எண்ணியது, இன்னொன்று மூவரை. காகா தன் முதல் கிராமிகளை வாங்கியதும் அதே 2010 விழாவில்தான்.

லேடி காகாவுக்கு மொத்தம் எத்தனை கிராமி? ஒரு புத்தகத்தில் 12 என்றும் இன்னொன்றில் 14 என்றும் இருக்கிறது.
(ஈரோடு)

2025 வரை 14. வேறு எண் இருந்தால் அந்தப் புத்தகம் எந்த ஆண்டில் அச்சானது என்று பாருங்கள். அன்றைய கணக்கு அதுவாக இருக்கும். எண்ணிப் பார்க்க வசதியாக ஆண்டுவாரியாக:

2010-ல் இரண்டு: “போக்கர் ஃபேஸ்” பாட்டுக்குச் சிறந்த நடனப் பதிவு, “தி ஃபேம்” தொகுப்புக்குச் சிறந்த எலெக்ட்ரானிக்/நடன ஆல்பம். 2011-ல் மூன்று: “பேட் ரொமான்ஸ்” பாட்டுக்குப் பெண் பாப் குரலுக்கான விருதும் குறும் இசை வீடியோ விருதும், “தி ஃபேம் மான்ஸ்டர்” தொகுப்புக்குப் பாப் ஆல்பம் விருதும். 2015-ல் ஒன்று: டோனி பென்னட்டுடன் பாடிய “சீக் டு சீக்”. 2019-ல் மூன்று: மேலே சொன்ன “ஷாலோ” இரண்டு, “ஜோஆன்” பாட்டின் பியானோ வடிவத்துக்கு ஒன்று. 2020-ல் இரண்டு: “எ ஸ்டார் இஸ் பார்ன்” இசைத்தொகுப்புக்கும், அதில் உள்ள “ஐல் நெவர் லவ் அகெய்ன்” பாட்டுக்கும். 2021-ல் அரியானா கிராண்டேயுடன் “ரெய்ன் ஆன் மீ”. 2022-ல் மறுபடியும் பென்னட்டுடன் “லவ் ஃபார் சேல்”. 2025-ல் புரூனோ மார்ஸுடன் “டை வித் எ ஸ்மைல்”.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை அல்ல, அது எங்கே விழுந்திருக்கிறது என்பது. கிராமியில் எல்லா இசை வகைக்கும் பொதுவான பெரிய பரிசுகள் ஆண்டின் சிறந்த ஆல்பம், பதிவு, பாடல் ஆகியவை. பதினான்கில் ஒன்றுகூட அங்கிருந்து வரவில்லை. ஆல்பம் பிரிவில் “தி ஃபேம்”, “தி ஃபேம் மான்ஸ்டர்”, “பார்ன் திஸ் வே”, “லவ் ஃபார் சேல்” நான்கும் போட்டியில் நின்று தோற்றன. தோற்றது முறையே டெய்லர் ஸ்விஃப்ட், ஆர்கேட் ஃபயர், அடெல், ஜான் படிஸ்ட் ஆகியோரிடம். பாப், நடனம், பழைய பாணிப் பாப் என்று வகைவாரிப் பரிசுகளை அள்ளியவருக்குப் பொதுப் பரிசு எட்டவில்லை. விருதுகள் குவிந்த கலைஞர் என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். பதினான்கில் ஐந்து, வேறொரு குரலோடு சேர்ந்து பாடியதற்காக வந்தவை. பென்னட், கூப்பர், கிராண்டே, மார்ஸ் என்று நாலு பேரும் நாலு விதம். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஜாஸ் பாடகரோடும் ஒத்துப் பாட முடிந்ததுதான், எங்கள் பார்வையில், அவருடைய உண்மையான பலம்.

படத்தின் பாட்டுக்கு 2019-ல் கிராமி. அதே படத்தின் முழு ஆல்பத்துக்கு 2020-ல் கிராமி. ஒரே படத்துக்கு இரண்டு வருடமா?
(புதுச்சேரி)

கிராமி ஆண்டு ஜனவரியில் தொடங்காது. 2019 விழாவுக்கான தகுதிக் காலம் 2017 அக்டோபர் 1 முதல் 2018 செப்டம்பர் 30 வரை. “ஷாலோ” தனிப்பாட்டாக வந்தது 2018 செப்டம்பர் 27. கதவு மூட மூன்று நாள் இருக்கும்போது உள்ளே நுழைந்துவிட்டது. முழு இசைத்தொகுப்பு வந்தது அக்டோபர் 5. அதற்குள் கதவு மூடிவிட்டதால் ஆல்பமும் மற்றப் பாட்டுகளும் அடுத்த ஆண்டுக் கணக்கில் போயின. நஷ்டம் ஒன்றுமில்லை, ஒரே படத்தை வைத்து இரண்டு விழாக்களில் நான்கு கிராமி.

“பேட் ரொமான்ஸ்” கதையும் இதேதான். 2009 அக்டோபரில் வெளியாகி உலகமே முணுமுணுத்த பாட்டு, 2010 விழாவில் இல்லை. அந்த விழாவுக்கான கெடு 2009 ஆகஸ்ட் 31-லேயே முடிந்துவிட்டது. எனவே 2011.

“ஜோஆன்” விஷயம் கொஞ்சம் வேறு. அந்த ஆல்பம் 2016-ல் வந்தது. ஆனால் 2018 ஜனவரியில் அதன் பெயர்ப்பாட்டைப் பியானோவோடு புதிதாகப் பதிவுசெய்து வெளியிட்டார்கள். புதுப் பதிவு என்பதால் புதுத் தகுதி. பழைய பதிவையே அட்டை மாற்றிக் கொடுத்திருந்தால் இது நடக்காது.

அவருக்குச் சிறந்த புதுமுகம் கிராமி கிடைக்கவில்லையே, 2010-ல் அவரைவிடப் பெரிய புதுமுகம் யார்?
(சேலம்)

அவர் போட்டியிலேயே இல்லை. “ஜஸ்ட் டான்ஸ்” என்ற முதல் பாட்டு 2009 விழாவிலேயே நடனப் பதிவுப் பிரிவில் பரிந்துரை பெற்றிருந்தது. ஏற்கெனவே பரிந்துரை பெற்றவர் புதுமுகம் ஆக மாட்டார் என்பது அன்றைய விதி. ஒரே ஒரு தனிப்பாட்டின் பரிந்துரை, அதுவும் தோற்ற பரிந்துரை, அடுத்த ஆண்டு வாய்ப்பை அடைத்தது. எழுந்த முணுமுணுப்பில் கிராமி அமைப்பு 2010-லேயே அந்த விதியைத் தளர்த்தியது. பலன் அடுத்து வந்தவர்களுக்கு. அந்த ஆண்டு விருது ஸாக் பிரவுன் பேண்டுக்குப் போனது.

“நாட்டு நாட்டு” வென்ற அன்று காகாவும் போட்டியில் இருந்தாராமே?
(கோவில்பட்டி)

ஆம். “டாப் கன்: மேவரிக்” படத்தின் “ஹோல்ட் மை ஹேண்ட்” பாட்டோடு, இசைத் தயாரிப்பாளர் பிளட்பாப்புடன் இணைந்து. 2023 மார்ச்சில் ஆஸ்கரிலும், அதற்கு இரண்டு மாதம் முன்பு கோல்டன் குளோபிலும் கீரவாணியிடம் தோற்றார். நாம் “அழகன்” காலத்தில் மரகதமணி என்று அறிந்த அதே கீரவாணிதான்.

ஆஸ்கரில் காகாவின் முழுக் கணக்கு: நான்கு பரிந்துரை, ஒரு வெற்றி. 2016-ல் டயான் வாரனுடன் எழுதிய “டில் இட் ஹாப்பன்ஸ் டு யூ”, 2019-ல் “ஷாலோ”வும் சிறந்த நடிகைக்கான பரிந்துரையும், 2023-ல் இது. ஒரே படத்துக்கு நடிப்புக்கும் பாட்டு எழுதியதற்கும் ஒரே ஆண்டில் பரிந்துரை பெற்ற முதல் ஆள் மேரி ஜே. பிளைஜ், 2018-ல். காகா இரண்டாவது. காகாதான் முதல் என்று சில இடங்களில் அச்சாகியிருக்கிறது, அது தவறு.

“ஹவுஸ் ஆஃப் கூச்சி” படத்துக்கு எல்லா இடத்திலும் பரிந்துரை கிடைத்தும் ஆஸ்கரில் பெயரே வரவில்லை. அரசியலா?
(மதுரை)

அரசியல் என்று சொல்லிவிடுவது சுலபம். வாக்களிப்பவர்கள் யார் என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும்.

அந்தப் படத்துக்கு அவர் நியூயார்க் திரை விமர்சகர் வட்டத்தின் சிறந்த நடிகை விருதை வென்றார். கோல்டன் குளோப், பாஃப்டா (பிரிட்டிஷ் அகாடமி விருது), நடிகர் சங்க விருது, கிரிட்டிக்ஸ் சாய்ஸ் நான்கிலும் பரிந்துரை. 2022 ஆஸ்கர் பட்டியலில் இல்லை. விமர்சகர்கள் ஒரு கூட்டம், பிரிட்டிஷ் அகாடமி ஒரு கூட்டம், அமெரிக்க நடிகர் சங்கம் ஒரு கூட்டம். ஆஸ்கரில் நடிப்புக்கான ஐந்து பெயர்களைத் தேர்வது, அந்த விருதைத் தரும் அமெரிக்க அகாடமியின் நடிகர் பிரிவு மட்டுமே. அதுவும் விருப்ப வரிசைப்படி. ஒருவரை நிறையப் பேர் நாலாவது, ஐந்தாவது இடத்தில் எழுதினால் பயன் குறைவு. முதலிடத்தில் எழுத ஒரு கணிசமான கூட்டம் வேண்டும். ‘நன்றாகத்தான் செய்தார்’ என்று எல்லாரும் சொல்லி, ‘இவர்தான்’ என்று போதுமான பேர் சொல்லாதபோது பெயர் விழுந்துவிடும். வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் கடைசிச் சுற்றில்தான் எல்லா உறுப்பினரும் வாக்களிக்கிறார்கள்.

அந்த ஆண்டு காகா ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. பாஃப்டாவின் சிறந்த நடிகை பட்டியலில் இருந்த ஆறு பேரில் ஒருவர்கூட ஆஸ்கர் ஐவரில் இல்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் அவரிடமே உண்டு. 2016-ல் “அமெரிக்கன் ஹாரர் ஸ்டோரி: ஹோட்டல்” தொடருக்குக் கோல்டன் குளோப் கிடைத்தது. அதே வேடத்துக்கு எம்மியில் பரிந்துரைகூட இல்லை. அன்று கோல்டன் குளோப் என்பது நூறு பேருக்கும் குறைவான வெளிநாட்டுச் செய்தியாளர்களின் முடிவு. எம்மி பல்லாயிரம் தொலைக்காட்சிக்காரர்களின் வாக்கு. சின்னக் கூட்டத்தில் நட்சத்திர ஒளி எடுபடும். பெரிய கூட்டத்தில் அது கரைந்துபோகும்.

2019-ஐயும் சேர்த்துப் பாருங்கள். கிரிட்டிக்ஸ் சாய்ஸ் விருதில் காகாவும் கிளென் குளோஸும் சம வாக்கு, இருவருக்கும் விருது. கோல்டன் குளோப் குளோஸுக்கு. ஆஸ்கர் இருவருக்கும் இல்லை, ஒலிவியா கோல்மனுக்கு. காகா நடிப்புக்காக வாங்கிய பெரிய விருதுகளை எண்ணினால் இந்தச் சம வாக்கு, 2016 குளோப், 2018-ஆம் ஆண்டுக்கான நேஷனல் போர்ட் ஆஃப் ரிவ்யூ, நியூயார்க் விமர்சகர் வட்டம் என்று நின்றுவிடும். பாட்டுக்கு வந்தவைதான் மலை.

ஒரே ஆண்டில் ஆஸ்கர், கிராமி, பாஃப்டா, கோல்டன் குளோப் நான்கையும் வென்றவர் என்பது உண்மையா?
(திண்டுக்கல்)

உண்மை, 2019-ல். நான்கும் ஒரே படத்தின் இசைக்காக. பாஃப்டாவில் மட்டும் பாடலுக்குத் தனி விருது கிடையாது. படத்தின் இசைக்கான விருதைக் காகா, கூப்பர், லூகஸ் நெல்சன் பகிர்ந்துகொண்டார்கள். பாஃப்டாவும் கிராமியும் அந்த ஆண்டு ஒரே நாள், பிப்ரவரி 10. கூப்பர் லண்டனுக்குப் போனார், காகா லாஸ் ஏஞ்சலஸில் நின்றார்.

எம்மி, கிராமி, ஆஸ்கர், டோனி நான்கும் அவரிடம் உண்டா? இல்லையென்றால் எது பாக்கி?
(சென்னை)

எம்மியும் டோனியும் பாக்கி. பென்னட்டுடன் செய்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் எம்மி பரிந்துரை வரை போயின, விருது வரவில்லை. டோனிக்கு நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் மேடையேறும் நாடகம் ஒன்றில் பங்கு இருந்தாக வேண்டும்.

பாடகி நடிகைகள் இந்த நான்கை எப்படிச் சேர்த்தார்கள் என்று பார்த்தால், நேர்வழி ஒன்று, சுற்றுவழி ஒன்று இருப்பது தெரியும். ஜெனிஃபர் ஹட்சன் ஆஸ்கரை நடிப்புக்கு வாங்கினார் (2007), கிராமியைப் பாட்டுக்கு வாங்கினார் (2009). ஆனால் எம்மியும் டோனியும் தயாரிப்பாளர் வரிசையில் பெயர் இருந்ததால் வந்தவை: 2021-ல் ஓர் அனிமேஷன் படைப்பு, 2022-ல் “எ ஸ்ட்ரேஞ்ச் லூப்” நாடகம். பாடகி செரிடம் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் (1988), “பிலீவ்” பாட்டுக்குக் கிராமி (2000), விடைபெறும் கச்சேரியின் ஒளிபரப்புக்கு எம்மி (2003) மூன்றும் உண்டு, டோனி இல்லை. எல்டன் ஜான் 2024-ல் நான்கையும் முடித்ததும் விடைபெறும் கச்சேரி ஒளிபரப்பின் வழியாகத்தான். காகாவுக்கும் எம்மிக்கு அதுவே கிட்டத்து வழி என்று தோன்றுகிறது.

பார்பரா ஸ்ட்ரைசாண்ட் பற்றி ஒரு வரி. இவருக்கு 1970-ல் கிடைத்த டோனி போட்டியில் வென்றதல்ல, சிறப்பு விருது. அதனால் சிலர் இவரைப் பட்டியலில் சேர்ப்பார்கள், சிலர் விடுவார்கள். காகாவோடு அவருக்கு நேரடித் தொடர்பு உண்டு: 1976-ல் வந்த “எ ஸ்டார் இஸ் பார்ன்” படத்தின் நாயகி அவர்தான். அதில் வரும் “எவர்கிரீன்” பாட்டுக்கு மெட்டமைத்து, பால் வில்லியம்ஸுடன் 1977-ல் ஆஸ்கர் வாங்கினார். ஒரே கதையின் இரண்டு பதிப்புகள், இரண்டு நாயகிகள், இருவருக்கும் பாடல் ஆஸ்கர்.

மேடையில் தரும் சிலையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? விற்கலாமா?
(கும்பகோணம்)

ஆஸ்கரைக் கொண்டுபோகலாம். வெண்கலச் சிலைக்கு 24 காரட் தங்க முலாம், உயரம் சுமார் 34 செ.மீ., எடை சுமார் 3.8 கிலோ. மேடையில் தரும்போது பெயர் இருக்காது. வெற்றியாளர் யாரென்று வெளியே தெரிந்துவிடக்கூடாதே. விழா முடிந்து நடக்கும் விருந்தில் பெயர்த்தகட்டைப் பொருத்தித் தருவார்கள். விற்க முடியாது: முதலில் அகாடமிக்கே ஒரு டாலருக்குக் கொடுக்க முன்வர வேண்டும் என்று வெற்றியாளர்கள் கையெழுத்திடுகிறார்கள்.

கிராமி வேறு. மேடையில் கையில் கொடுப்பது விழாவுக்கான மாதிரி, திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பெயர் பொறித்த அசல், கொலராடோ மாநிலத்தின் ரிட்ஜ்வே என்ற சிற்றூரில் கையால் செய்யப்பட்டுப் பிறகு வந்து சேரும்.

இறைச்சி உடை அணிந்து வந்த விழா எது? அந்த உடை என்ன ஆனது?
(நாகப்பட்டினம்)

2010 எம்.டி.வி. வீடியோ மியூசிக் விருது விழா. 13 பரிந்துரையில் 8 வெற்றி. ஆண்டின் சிறந்த வீடியோ “பேட் ரொமான்ஸ்”, கொடுத்தவர் செர். உடை பிராங்க் பெர்னாண்டஸின் கைவண்ணம், அசல் மாட்டிறைச்சி. அழுகாமலிருக்க ப்ளீச், ஃபார்மால்டிஹைட் முதலியவற்றால் பதப்படுத்தி, உலர்ந்து கறுத்ததை மறுபடி சிவப்பாகச் சாயமேற்றி, 2011-ல் கிளீவ்லாந்தில் உள்ள ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

இந்த விருதைக் கிராமியோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். பொதுப் பிரிவுகள் ரசிகர் வாக்கு. கலை இயக்கம், படத்தொகுப்பு போன்றவை மட்டும் துறையினர் தேர்வு.

“டைமண்ட் விருது” என்று ஒன்று பட்டியலில் இருக்கிறது. யார் தருகிறார்கள்?
(வேலூர்)

அது விருதல்ல, விற்பனைச் சான்று. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் தருவது. ஐந்து லட்சம் பிரதிக்குக் கோல்டு, பத்து லட்சத்துக்குப் பிளாட்டினம், ஒரு கோடிக்கு டைமண்ட். தனிப்பாட்டுக்கு இணையத்தில் 150 முறை கேட்டால் ஒரு பிரதி என்று கணக்கு. “போக்கர் ஃபேஸ்”, “பேட் ரொமான்ஸ்” இரண்டும் டைமண்டைத் தொட்டவை. இசை நிறுவனம் விண்ணப்பித்தால்தான் சான்று வரும். ஒரு பாட்டுக்குச் சான்று இல்லையென்றால் விற்கவில்லை என்று பொருளல்ல. விருதுப் பட்டியலில் இதைச் சேர்த்து எண்ணுகிறவர்களால்தான் எண்ணிக்கை ஊதிப்போகிறது.

வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிக்கிறேன். தவறு வராமலிருக்க என்ன செய்ய வேண்டும்?
(காரைக்குடி)

‘எத்தனை விருது வென்றார்’ என்று கேட்காதீர்கள். நூறு பேர் நூறு எண் சொல்வார்கள், எல்லாருக்கும் ஓர் ஆதாரம் இருக்கும். அமைப்பு, விழா ஆண்டு, பிரிவு, படைப்பு நான்கையும் கேள்விக்குள்ளேயே வையுங்கள். கிராமி, ஆஸ்கர் இரண்டுக்கும் அதிகாரபூர்வ இணையதளங்களில் தேடக்கூடிய பட்டியல் உண்டு. பெயரை அல்ல, பாட்டின் தலைப்பைக் கொடுத்துத் தேடினால் யார் யார் பெயரில் விருது பதிவாகியிருக்கிறது என்பது தெரியும். ஆஸ்கர் பட்டியலில் படம் வந்த ஆண்டும் விழா எண்ணும் இருக்கும். 91-வது விழா என்றால் 2018 படங்கள், 2019 மேடை. கிராமியில் ‘பதிவு’ வேறு, ‘பாடல்’ வேறு: முன்னது பாடியவர், தயாரித்தவர், ஒலிப்பொறியாளர்களுக்கு, பின்னது எழுதியவர்களுக்கு. ‘2025 விழா வரை’ என்பது போல் ஓர் எல்லையையும் போட்டுவிடுங்கள்.

மோசமான நடிப்புக்கான விருதும் வாங்கினாராமே?
(விருதுநகர்)

நடிப்புக்கு அல்ல, ‘மோசமான திரை ஜோடி’ என்ற பிரிவில், ஹோவாகின் ஃபீனிக்ஸுடன் சேர்த்து. “ஜோக்கர்” படத்தின் இரண்டாம் பாகத்துக்காக ராஸி அமைப்பு 2025-ல் அறிவித்தது. “டை வித் எ ஸ்மைல்” கிராமி வாங்கியது அதற்குச் சில வாரம் முன்பு.